முகமூடிப் பயிற்சிக்கு எது ஏற்றது: மரமா, காகிதமா, உலோகமா?

முகமூடி செய்யக் கற்க விரும்பும் சிற்பக்கலை மாணவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன: மரத்தைச் செதுக்குதல், காகிதத்தை அச்சில் ஒட்டியெடுத்தல், மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகத்தை வார்த்தல். இவற்றை அழகை வைத்துத் தரம் பிரிப்பதில் பயனில்லை. உருவம் எந்தக் கட்டத்தில் முடிவாகிறது, அதன் பிறகு திருத்த இடமுண்டா என்று கேட்டால்தான் வேறுபாடு விளங்கும்.

ஜப்பானின் நோ நாடக முகமூடி ஹினோக்கி எனப்படும் சைப்ரஸ் வகை மரத்தில் செதுக்கப்படுகிறது. புதிய முகத்தைக் கற்பனை செய்வதைவிட, போற்றப்படும் பழைய முகமூடியைப் படியெடுப்பதே அங்கே பயிற்சியின் அடித்தளம். மூலத்தின் வளைவுகளை அட்டையில் வெட்டிக்கொண்டு, செதுக்கும்போது அவ்வப்போது அதை மரத்தின்மேல் பொருத்தி இடைவெளி தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். பின்னர் சிப்பி ஓட்டுத் தூளை விலங்குப் பசையில் குழைத்துப் பல முறை பூசித் தேய்த்து, அதன்மேல் நிறம் தீட்டுகிறார்கள். ஆனால் உளி ஆழமாக இறங்கிவிட்ட இடத்தை இந்தப் பூச்சு ஓரளவுக்கே ஈடுசெய்யும். இளம்பெண்ணைக் குறிக்கும் கோ-ஓமோதே முகமூடியை நடிகர் சற்றே நிமிர்த்தினால் முகம் மலர்கிறது, கவிழ்த்தால் துயரம் படர்கிறது. இமையிலும் கன்னத்திலும் உள்ள மெல்லிய சரிவுகள் ஒளியை வாங்கும் விதத்தால் இது நிகழ்வதால், தளங்களைப் பற்றி இதைவிடக் கூர்மையான பாடம் மாணவருக்குக் கிடைப்பது அரிது.

மரம் என்றாலே இந்த நுண்மைதான் என்று எண்ண வேண்டாம். லைபீரியா, கோட் டிவுவார் பகுதிகளில் வாழும் டான் மக்களின் முகமூடிகளில் புடைத்த நெற்றி, கீறல் போன்ற கண்கள், கருமையான வழவழப்பு எனச் சில பெரிய வடிவங்களே முகத்தைத் தாங்குகின்றன. தொடக்கநிலை மாணவர் முதலில் பார்க்க வேண்டியது இவற்றைத்தான் என்பேன்.

வெனிஸின் முகமூடிக் கைவினைஞர்கள் 1436-ஆம் ஆண்டிலேயே தமக்கெனத் தனி விதிமுறை பெற்றவர்கள். அந்நகரத்துக் காகித முகமூடிக்குக் களிமண்ணில் முகம் வனைந்து, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றிக் குழிவான அச்செடுத்து, பசையில் நனைத்த காகிதத்தை அச்சின் உட்புறத்தில் விரலால் அழுத்தி ஒட்டுகிறார்கள். உட்புறத்தில் ஒட்டுவதுதான் இதன் நுட்பம். பலூனின் வெளிப்புறத்தில் காகிதம் ஒட்டிச் செய்யும் பள்ளிக்கூடத்து முகமூடியில் அடுக்கு ஏற ஏற மூக்கின் விளிம்பும் உதட்டின் கோடும் மழுங்கிப்போகும். இங்கோ அச்சைத் தொடும் முதல் அடுக்கே வெளித்தோற்றமாவதால் நுணுக்கம் அப்படியே பதிகிறது. களிமண் நிலையில் எத்தனை முறையும் திருத்தலாம், ஓர் அச்சிலிருந்து பல படிகளும் எடுக்கலாம். ஆனால் மூக்குத் துளை போன்ற உட்குடைவுகளை ஆழமாக வனைந்துவிட்டால், காய்ந்த காகிதம் அச்சில் மாட்டிக்கொண்டு கிழியும்.

உலோக வார்ப்பு மாணவருக்கு முதல் வழியாக இருக்க முடியாது. உலையும் அனுபவமுள்ளவரின் மேற்பார்வையும் இன்றி அதைத் தொடக்கூடாது. இன்றைய நைஜீரியாவிலுள்ள பெனினின் பித்தளைத் தலைகள் களிமண் கருவின்மேல் மெழுகு பூசி உள்ளீடற்றவையாக வார்க்கப்பட்டவை. சுவாமிமலை ஸ்தபதிகளோ மெழுகுருவை உள்ளே வெற்றிடமின்றித் திண்மமாகவே செய்து வார்க்கிறார்கள். இரண்டிலும் மெழுகைச் சுற்றிப் பூசிய மண் அச்சை உடைத்துத்தான் உருவத்தை எடுக்க முடியும் என்பதால், வார்ப்பு பிழைத்தால் மெழுகிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

ஒரு பருவத்துக்குள் முடிக்க வேண்டிய பயிற்சிக்கு நான் காகிதத்தையே பரிந்துரைப்பேன், களிமண் முகத்தை மாணவரே வனைய வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆயத்த அச்சை வாங்கிக் காகிதம் ஒட்டுபவர் வண்ணம் பூசக் கற்பாரே தவிர, சிற்பம் கற்கமாட்டார். நேரம் கூடுதலாக இருந்தால், அதே களிமண் முகத்திலிருந்து அட்டைகள் வெட்டி, மென்மரக் கட்டையில் அதைச் செதுக்கிப் பார்க்கலாம். களிமண்ணில் மூக்கைப் பிறகுகூடக் கூட்டிக்கொள்ளலாம். மரத்தில் அதன் நுனியை முதல் வெட்டுக்கு முன்பே ஒதுக்கி வைத்தாக வேண்டும்.