சூடாக்கிற சிகரெட் மெஷின், மூண்டு கிழமை பாவிச்சுப் பாத்தன்

சுவிஸில இருந்து வந்து நிண்ட மச்சான் போகேக்க தன்ர பழைய மெஷினையும் அதுக்குள்ள போடுற புகையிலைக் குச்சிப் பெட்டி கொஞ்சத்தையும் தந்திட்டு, "அத்தான், உங்களுக்குப் பிரஷர் எல்லே, சிகரெட்டை விட்டிட்டு இதை இழுங்கோ, இதில புகையே இல்லை" எண்டவர். கம்பனி பேர் வேண்டாம்.

பாக்க வடிவுதான். பேனை மாதிரி, குச்சியைச் செருகி பட்டனை அமத்தினா ஒருக்கா அதிரும், கொஞ்சம் பொறுத்து திருப்பி அதிர்ந்தா இழுக்கலாம், 6 நிமிசம் இல்லாட்டி 14 இழுவை, எது முந்துதோ அதோட நிண்டிடும். சாம்பல் இல்லை. மணம் மட்டும் சோளம் அடிப்பிடிச்ச மாதிரி, முதல் நாள் மனுசி குசினிக்குள்ள ஓடிப்போய் அடுப்பைப் பாத்திட்டு வந்தவ.

விசயம் என்னெண்டா, சிகரெட் நுனி இழுக்கேக்க 800, 900 பாகைக்கு எரியும், இது புகையிலையை 350 பாகை அளவில சூடாக்கிறதோட சரி. எரியாததால கார்பன் மொனொக்சைட் நல்லாக் குறைவு, ரத்தத்தில ஒக்சிசனை நிண்டு பிடிக்க விடாத சாமான் அதுதான், அந்தளவில மச்சான் சொன்னது பொய் இல்லை. ஆனா நிக்கொட்டின் கிட்டத்தட்ட அப்பிடியே வருது. வீட்டில இருக்கிற பிரஷர் மெஷினைக் கட்டிப் பாத்தன், இழுக்க முதல் மேல் பிரஷர் 131, நாடித்துடிப்பு 76, இழுத்துப் பத்து நிமிசத்தில பிரஷர் 142, நாடி 89. அடுத்த நாள் சிகரெட்டோட பாத்தன், பெரிசா வித்தியாசமே இல்லை.

பிறகு இருந்து வாசிச்சன். 2018இல எலியள வச்சுச் செய்த அமெரிக்க ஆய்வொண்டில இந்த ஆவியும் சிகரெட் புகை அளவுக்கே ரத்தக் குழாய் விரியிறதைக் கெடுத்ததாம். இத்தாலியில 20 புகைக்கிற ஆக்களை வச்சுப் பாத்ததில சிகரெட்டை விடப் பாதிப்புக் குறைவு எண்டு வந்திருக்கு, ஆனா அது ஒரு குச்சி இழுத்த உடன பாத்தது, பத்து வருசம் இழுத்தவன்ர நெஞ்சைப் பத்தி அது என்னத்தைச் சொல்லும். 2020இல மருந்து, சாப்பாடு, புகையிலைச் சாமானுகளைக் கட்டுப்படுத்திற அமெரிக்க அரசாங்க அமைப்பு எஃப்டிஏ இந்த வகை மெஷின் ஒண்டுக்கு "நச்சுச் சாமான் உடம்புக்குள்ள போறது குறையும்" எண்டு விளம்பரம் போட விட்டது, "வருத்தம் குறையும்" எண்டு போட விடேல்ல. அந்த ஒரு சொல்லு வித்தியாசத்தை மச்சான் கவனிக்கேல்ல, நானும்தான்.

எனக்கு உறைச்சது வேற. மெஷினுக்குச் சார்ஜ் ஏறும் வரைக்கும் சந்திக் கடையில தனிச் சிகரெட் ஒண்டு வாங்குவன், ஒண்டுதானே எண்டு. ஒரு நாளைக்கு ஒண்டு பத்துறவனுக்கும் 20 பத்துறவனுக்கு ஏறுற மாரடைப்பு ஆபத்தில கிட்டத்தட்டப் பாதி ஏறுதாம், பிஎம்ஜே எண்ட பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில 2018இல வந்தது. இருதயம் இருபதில ஒண்டு எண்டு கணக்குப் பாக்காது போல.

மூண்டாங் கிழமை குச்சியைக் கழட்டேக்க உள்ளுக்க இருந்த தகடு முறிஞ்சிட்டுது. டவுனுக்குள்ள போன் திருத்திற கடைக்குக் கொண்டு போனா பெடியன் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, "அண்ணை, இது காய்ச்சல் பாக்கிறதோ?" எண்டான். எங்கட அப்பு புகையிலைத் தோட்டம் செய்து சுருட்டிலயே போனவர், அவருக்கு இதைக் காட்டியிருந்தா சிரிச்சிருப்பார்.

அஞ்சுக்கு ரெண்டு குடுக்கிறன், ரெண்டும் சாம்பல் இல்லாததுக்கு. குச்சி ஒரு பெட்டி மிச்சம் இருந்தது, மனுசி எங்க வச்சவ எண்டு தெரியேல்ல, கேக்கவும் இல்லை.