ஒரே மருத்துவமனையா, மூன்று மருத்துவமனைகளா? அவசர சிகிச்சை மருத்துவர்களைப் பழக்கும் முறைகள்: தருமபுரி, கிருஷ்ணகிரியை முன்வைத்து ஓர் ஒப்பீடு

அவசர சிகிச்சை மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இதனைத் தனியொரு சிறப்புத் துறையாக இந்திய மருத்துவக் கவுன்சில் ஏற்றுக்கொண்டது 2009இல்தான் என்பதால், பொது மருத்துவத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ இருக்கிற நீண்ட பயிற்சி மரபு இதற்கு இன்னும் அமையவில்லை. இத்துறை மாணவரை எங்கே வைத்துப் பழக்குவது என்பதற்கு இப்போது மூன்று வழிகள் உள்ளன. மூன்று ஆண்டுகளையும் ஒரே பெரிய மருத்துவமனையில் கழிக்கச் செய்வது முதல் வழி. பெரிய மருத்துவமனையிலேயே வைத்திருந்து, இடையில் மூன்று மாதம் மட்டும் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புவது இரண்டாவது. அருகருகே உள்ள இரண்டு மூன்று மருத்துவமனைகளை ஒரே பயிற்சித் திட்டத்தின் கீழ் கொண்டுவந்து, மாணவரை முறைவைத்துச் சுற்றிவரச் செய்வது மூன்றாவது. எங்கள் பக்கத்து மாவட்டங்களை வைத்து இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 2004 பிப்ரவரி வரை ஒரே மாவட்டமாக இருந்தவை. ஓசூர் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழையும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இரண்டு மாவட்டத் தலைநகரங்களையும் தொட்டுக்கொண்டு தொப்பூர் கணவாயில் இறங்கிச் சேலத்துக்குப் போகிறது. சென்னையிலிருந்து வரும் சாலை கிருஷ்ணகிரியில் அதனோடு சேர்கிறது. தருமபுரியில் 2008இலும் கிருஷ்ணகிரியில் 2022இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. ஓசூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அரூர், பென்னாகரம், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை ஆகிய ஊர்களிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. ஆனால் இவை அனைத்துக்கும் ஒரே வகையான நோயாளிகள் வருவதில்லை. தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரியால் நசுங்கியவர்கள் தருமபுரிக்குத்தான் வருவார்கள். சிப்காட் தொழிற்சாலையில் கை சிக்கியவரை ஓசூரில் பார்க்கலாம். ஒகேனக்கல் ஆற்றில் மூழ்கியவர் பென்னாகரத்துக்கும், யானை தாக்கியவர் தேன்கனிக்கோட்டைக்கும் முதலில் கொண்டுவரப்படுகிறார்கள். பாம்புக்கடியும் பூச்சிமருந்தும் எல்லா ஊருக்கும் பொது.

ஒரே பெரிய மருத்துவமனையில் மூன்று ஆண்டுகள் இருக்கும் முறையின் பலம் அதன் தொடர்ச்சி. மாணவரின் கை எவ்வளவு தேறியிருக்கிறது, எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதை அதே பேராசிரியர் முதல் மாதத்திலிருந்து கவனிக்கிறார். இரவு செய்த முடிவு சரியா தவறா என்பது காலை வார்டு சுற்றில் தெரிந்துவிடும். சி.டி. ஸ்கேன், ரத்த வங்கி, நரம்பியல் அறுவை சிகிச்சை, டயாலிசிஸ் எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பதால், நோயாளி கடைசி வரை எப்படித் தேறினார் என்று பின்தொடர முடிகிறது. மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவது, மார்புக்கூட்டில் வடிகுழாய் வைப்பது போன்ற செய்முறைகளைப் பத்துக்கு இருபதாகச் செய்து பழகவும் அங்கேதான் வாய்ப்பு அதிகம். இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

அதன் குறை, நோயாளி அங்கே வந்துசேரும் விதத்தில் இருக்கிறது. பெரிய மருத்துவமனைக்கு வருபவர்களில் பலர் வேறொரு இடத்திலிருந்து ரெஃபர் செய்யப்பட்டவர்கள். முதல் மருத்துவர் நோயை ஊகித்து, மருந்தும் தொடங்கி, சீட்டும் எழுதி அனுப்பிவிட்டார். பூச்சிமருந்து குடித்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்கனோபாஸ்பேட் நஞ்சுக்கு அட்ரோபின் கொடுக்கத் தொடங்கி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவை இரட்டித்துக்கொண்டே போய், நுரையீரலில் நீர்ச்சத்தம் அடங்கும்வரை படுக்கையை விட்டு நகராமல் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்த முதல் ஒரு மணி நேரப் பாடம் பாலக்கோட்டிலோ அரூரிலோ முடிந்துவிடுகிறது. பெரிய மருத்துவமனையின் மாணவர் பார்ப்பது அதற்குப் பிந்திய நோயாளியை.

மாரடைப்பிலும் இதுவே நிலை. கேத் லேப் (இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் கூடம்) உள்ள இடத்தில் இ.சி.ஜி. எடுத்ததும் இதயவியல் பிரிவை அழைத்தால் போதும். கேத் லேப் இல்லாத மருத்துவமனையில், நோயாளி வந்த அரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தானே போட்டு, 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் பார்க்கும்படி அனுப்பி வைக்க வேண்டும். அண்மையில் ரத்தக்கசிவு இருந்ததா, பக்கவாதம் வந்ததா என்று கேட்டு, ஊசி போடலாமா கூடாதா என்று தனியாக முடிவெடுக்கும் அந்த நிமிடங்கள்தாம் அவசர சிகிச்சை மருத்துவரின் தொழில். எல்லா வசதியும் உள்ள இடத்திலேயே மூன்று ஆண்டுகள் பழகியவருக்கு அந்த முடிவை எடுக்க வேண்டிய நிலை ஒருமுறைகூட வராமல் போகலாம். பட்டம் வாங்கியபின் அவர் பணியமர்த்தப்படும் ஊரில் நிலைமை அப்படி இருக்காது.

இந்தக் குறையை ஓரளவு உணர்ந்துதான் மாவட்ட உறைவிடப் பயிற்சித் திட்டம் 2020 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. எம்.டி., எம்.எஸ். படிக்கும் எல்லா மாணவரும் மூன்று, நான்கு, ஐந்தாம் பருவங்களில் ஏதேனும் ஒன்றில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணிபுரிய வேண்டும் என்பது விதி. நோக்கம் நல்லதே. ஆனால் தோல் மருத்துவத்துக்கும் கண் மருத்துவத்துக்கும் சொன்ன அதே அளவை அவசர சிகிச்சைக்கும் சொல்லியிருக்கிறார்கள். 36 மாதங்களில் மூன்று மாதம் என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. புதிய இடத்தில் மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, எக்ஸ்ரே அறையின் சாவி யாரிடம் இருக்கிறது, இரவில் மயக்க மருத்துவரை எந்த எண்ணில் அழைப்பது என்று தெரிந்துகொள்ளவே மூன்று வாரம் ஓடிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், கற்றுத் தருபவர் இல்லாதது. அறுவை சிகிச்சை மாணவர் மாவட்ட மருத்துவமனைக்குப் போனால் அங்கே ஓர் அறுவை சிகிச்சை நிபுணர் இருப்பார். அவசர சிகிச்சை மாணவர் போகும் இடத்தில் அத்துறையில் பட்டம் பெற்றவர் இருப்பார் என்ற உறுதி கிடையாது. அங்கே அவசரப் பிரிவைப் பணிமுறை மருத்துவர்கள் மாறி மாறிப் பார்த்துக்கொள்வார்கள். எம்.டி. மாணவர் ஒருவர் வந்துவிட்டால், டியூட்டி அட்டவணையில் இருந்த ஓட்டை அடைபட்டது என்றே அந்த இடம் மூச்சு விடும். ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் மருத்துவமனை அப்படி நினைப்பதில் தவறு காண முடியாது. ஆனால் பார்த்துத் திருத்த ஒருவர் இல்லாமல் மூன்று மாதம் தனியாக நின்றவர் துணிச்சலைக் கற்றுக்கொள்கிறார். தன் தவறுகளையும் அத்துடன் சேர்த்தே பழகிக்கொள்கிறார். நகரும் பயிற்சியைக் குறை சொல்பவர்கள் மனத்தில் வைத்திருப்பது பெரும்பாலும் இந்த அனுபவத்தைத்தான். அவர்கள் குறை சொல்ல வேண்டியது இடமாற்றத்தை அல்ல, ஆசிரியர் இல்லாத இடமாற்றத்தை என்பது என் கருத்து.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளையும் ஓசூர் அரசு மருத்துவமனையையும் ஒரு வளையமாகக் கொண்டால், ஒன்றிலிருந்து அடுத்தது ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மூன்றும் ஒரே சாலையில் இருக்கின்றன. ஒரு மாணவர் ஓரிடத்தில் ஆறு மாதம் இருந்து அடுத்த இடத்துக்கு மாறினால், மூன்று ஆண்டுகளில் ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு முறை வரலாம். முதல்முறை வரும்போது கற்றுக்கொள்பவராகவும், இரண்டாம் முறை வரும்போது இளையவருக்குச் சொல்லித் தருபவராகவும் இருப்பார்.

இங்கே கிடைக்கும் பாடங்களில் நான் முதன்மையானதாகக் கருதுவது, ஒரே நோயாளியின் பயணத்தை இரு முனையிலிருந்தும் பார்ப்பதுதான். ஓசூரில் தலைக்காயத்தோடு வந்தவரை மயக்க மருந்து கொடுத்து, குழாய் போட்டு, பெரிய இடத்துக்கு அனுப்புகிறார் மாணவர். அனுப்பும் சீட்டில் மயக்க மருந்துக்கு முன் நினைவு நிலையைக் குறிக்கும் கிளாஸ்கோ அளவு எவ்வளவு இருந்தது என்று எழுத மறந்துவிட்டால், பெற்றுக்கொள்ளும் மருத்துவருக்கு அந்த மூளை எந்த நிலையில் இருந்தது என்று அறிய வழியே இல்லாமல் போகும். ஆறு மாதம் கழித்துப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் நின்று, அப்படிப்பட்ட சீட்டை இரவு இரண்டு மணிக்குத் தன் கையில் வாங்கியவர், பிறகு ஒருபோதும் அதை எழுதாமல் அனுப்பமாட்டார். கடைசி அட்ரோபின் எத்தனை மணிக்கு, ரத்தம் நிறுத்தக் கட்டிய கட்டு எத்தனை மணிக்கு என்பனவும் இப்படித்தான் மனத்தில் பதிகின்றன. வகுப்பறையில் நூறு முறை சொன்னாலும் இந்தப் பாடம் ஏறுவதில்லை.

பாம்புக்கடியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கிறது; பல் பட்ட இடத்தில் வீக்கமோ வலியோ பெரிதாக இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார். கண் இமை சற்றே தொங்கும். நாகப்பாம்புக் கடியில் பலன் தரும் நியோஸ்டிக்மின் ஊசி இதில் பெரிதாகக் கைகொடுப்பதில்லை, ஏனெனில் இந்த நஞ்சு நரம்பின் முனையையே சிதைக்கிறது. கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்தவருக்கு ரத்தம் உறைகிறதா என்று சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஆய்வகம் தேவையில்லை, பொறுமை வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பாலக்கோடு பக்கத்தில் என் சித்தப்பாவைப் பாம்பு கடித்தபோது, சிறிய மருத்துவமனை ஒன்றில் இருந்த இளம் மருத்துவர், “ஒரே மூச்சுல எண்ணுங்கய்யா” என்று கால் மணிக்கு ஒருமுறை அவரை எண்ண வைத்துக்கொண்டிருந்தார். முதலில் இருபதைத் தாண்டியது. அடுத்தடுத்து எண்ணிக்கை குறைந்தது. பன்னிரண்டுக்கு வந்ததும் காத்திராமல் மூச்சுக்குழாய் போட்டு, மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அழுத்தத் தானே உடன் ஏறி 108 வண்டியில் கொண்டுபோனார். சித்தப்பா பிழைத்தார். அந்த மருத்துவர் முன்பு பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவிலும், அதற்கு முன் ஒரு தாலுகா மருத்துவமனையிலும் வேலை பார்த்தவர் என்று பின்னால் தெரிந்தது. எண்ண வைக்கும் எளிய முறை ஓரிடத்தில் கற்றது. குழாய் போடும் கை மற்றோரிடத்தில் தேறியது.

மொழியையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதியில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகள். தொழிற்சாலைகளில் இந்தி பேசும் தொழிலாளர்கள் ஏராளம். வலி எங்கே, எப்போது தொடங்கியது என்று நான்கு மொழிகளில் கேட்கப் பழகுவது ஆடம்பரம் அல்ல.

வெளிநாட்டு அனுபவமும் இதற்கு ஆதரவாகவே இருக்கிறது. அமெரிக்காவில் இத்துறையின் முதல் பயிற்சித் திட்டம் 1970இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இன்று அங்குள்ள பல திட்டங்கள் மாணவரைப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கும் ஊர்ப்புற மருத்துவமனைக்கும் மாற்றி மாற்றி அனுப்புகின்றன. பிரிட்டனில் பயிற்சியே மண்டலவாரியாக அமைந்தது. மாணவர் மண்டலத்துக்குள் மருத்துவமனை மாறிக்கொண்டே இருப்பார், ஆனால் போகும் ஒவ்வோர் இடத்திலும் அவருக்கென்று பெயர் குறித்து ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். அங்கே மாணவர்களின் மனக்குறை வீடு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பது. நம் வளையம் ஒரே சாலையில் இருப்பதால் அந்தக் குறை இங்கே சிறியது. இருந்தாலும் ஒவ்வோர் இடத்திலும், குறிப்பாகப் பெண் மருத்துவர்களுக்கு, தங்கும் அறை கட்டாயம் வேண்டும். இரவுப் பணி முடித்த ஒருவர் தூக்கக் கலக்கத்தில் அதே நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும் நிலையை எந்தத் திட்டமும் உண்டாக்கக் கூடாது.

வளைய முறைக்கு உண்மையான ஆபத்துகள் இரண்டு. ஒன்று, புதிய இடத்தின் முதல் இரவு. தொண்டைக்குள் பார்த்துக் குழாய் செலுத்த உதவும் லாரிங்கோஸ்கோப் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தேடும் ஒரு நிமிடத்தில் நோயாளியின் மூளைக்கு உயிர்க்காற்று குறைகிறது. மூன்று இடத்திலும் அவசர மருந்து வண்டியை ஒரே மாதிரி அடுக்கினால் இது தீரும். செலவு மிகக் குறைவு. தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின்படி நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கும் முறை அரசு மருத்துவமனைகளில் ஏற்கெனவே வந்துவிட்டதால், பொதுவான அடித்தளம் இருக்கிறது. மற்றொன்று, யாருக்கும் முழுப் பொறுப்பு இல்லாமல் போவது. தருமபுரி ஆசிரியர் ஓசூர்க்காரர் கவனிப்பார் என்றும், ஓசூர்க்காரர் தருமபுரி கவனிக்கும் என்றும் விட்டுவிட்டால், மாணவரின் பயிற்சிகளைப் பதியும் லாக்புக் கையெழுத்துகளால் நிறைந்திருக்கும், கை மட்டும் தேறியிருக்காது. ஒரு மாணவருக்கு மூன்று ஆண்டும் மாறாத ஓர் ஆசிரியர், அவரைத் தவிர ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் என இருவர் வேண்டும். மாதம் ஒருமுறை மூன்று மருத்துவமனையினரும் கூடி, ரெஃபர் செய்த நோயாளிகளில் இறந்தவர்கள், தேறியவர்கள் ஆகியோரின் சீட்டுகளை எடுத்து வைத்துப் பேச வேண்டும். இதைச் செய்ய ஆள் இல்லையென்றால் வளைய முறையைத் தொடங்குவதைவிட முதல் வழியிலேயே இருப்பது மேல். அதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஆள் இருக்குமானால், மூன்றுக்கு மேல் மருத்துவமனைகளைச் சேர்க்காமலிருப்பது நல்லது. ஐந்தாறு இடம் சுற்றினால் எந்த இடமும் மாணவருக்குச் சொந்தமாகாது. பென்னாகரம், அரூர், தேன்கனிக்கோட்டை போன்றவற்றை ஆறு மாதப் பணியிடமாக வைக்காமல், மூன்றாம் ஆண்டில் ஆசிரியரும் உடன் செல்லும் இரண்டு வாரப் பணிகளாக வைத்துக்கொள்ளலாம். முதல் ஆண்டு முழுவதும் மாணவர் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஆறாறு மாதம் இருந்து அடிப்படைக் கைத்திறன்களை முடித்துவிட வேண்டும். இரண்டாம் ஆண்டில்தான் ஓசூருக்குப் பேருந்து ஏற வேண்டும்.