அட்டையில் 72 மணி நேரம் என்று போட்டிருக்கிறது: அவசரக் கருத்தடை மாத்திரை பற்றிய விமர்சனம்

லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம். பாதுகாப்பில்லாத உறவுக்குப்பின் கர்ப்பத்தைத் தடுக்க எடுப்பது. ஒரே மாத்திரை, ஒரே வேளை. இந்த வகையில் எந்த பிராண்டை வாங்கினாலும் உள்ளே இருப்பது இதேதான், ஆகவே பிராண்டுகளை ஒப்பிட்டு நேரத்தைக் கழிக்க வேண்டாம். காலாவதி தேதியையும், மாத்திரை இருக்கும் பட்டை பிரியாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்தால் போதும். 0.75 மில்லிகிராமில் இரண்டு மாத்திரை கொண்ட பழைய பெட்டி கிடைத்தால், 12 மணி நேர இடைவெளி என்று எழுதியிருந்தாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கலாம். பலன் குறையாது, இரண்டாவதை மறந்துவிடும் ஆபத்தும் இல்லை.

மருந்துக்கு நல்ல மதிப்பெண் தரலாம். அட்டைக்குத் தர முடியாது. ‘72 மணி நேரத்துக்குள்’ என்று பெரிய எழுத்தில் இருப்பதைப் பார்த்தால் மூன்று நாள் அவகாசம் இருப்பதாகத் தோன்றிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 1998-ல் வெளிவந்தது. உறவுக்குப்பின் முதல் 24 மணி நேரத்துக்குள் மாத்திரை எடுத்தவர்களிடையே, ஏற்பட்டிருக்கக்கூடிய கர்ப்பங்களில் 95 சதவீதம் தடுக்கப்பட்டன. 25 முதல் 48 மணி நேரம் வரை அது 85 ஆனது. 49 முதல் 72 வரை வெறும் 58. பிந்தைய ஆய்வுகளில் சதவீதங்கள் முன்பின் இருந்தாலும், முடிந்தவரை சீக்கிரம் என்ற அறிவுரை மாறவில்லை.

காரணம், இந்த மாத்திரை செய்வது முக்கியமாக ஒரே வேலை: சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுவது. விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். முட்டையோ வெளியே வந்தபின் ஒரு நாள்தான். விந்தணுக்கள் சாகும்வரை முட்டையை உள்ளே நிறுத்தி வைத்தால் தப்பித்தோம். ஆனால் முட்டையை வெளியேற்றும் ஹார்மோன் உயரத் தொடங்கிவிட்டால் மாத்திரையால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அந்தக் கட்டம் எப்போது வரும் என்று வெளியிலிருந்து சொல்லவும் முடியாது. ‘சேஃப் பீரியட்’ என்று நாள் எண்ணிக் காத்திருப்பது இங்கேதான் காலை வாருகிறது. இளம் வயதில் சுழற்சி சீராக இல்லாதவர்கள் நிறைய.

அந்த மணி நேரங்களைத் தின்பது பெரும்பாலும் உடல் அல்ல, சுற்றியிருப்பவர்கள். மருந்துக்கடையில் தெரிந்த முகம் இருந்தால் திரும்பி வந்துவிட வேண்டியிருக்கிறது. கல்யாணம் ஆகிவிட்டதா என்ற கேள்விக்குப் பயந்து கிளினிக்குப் படி ஏறுவதில்லை. கையில் சொந்தப் பணம் இல்லாதவள் இன்னொருவரிடம் கேட்க வேண்டும், கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். காதலன் வாங்கி வந்து மாத்திரையை மட்டும் கொடுத்தால், உள்ளே மடித்து வைத்த துண்டுச்சீட்டு அவளிடம் போய்ச் சேர்வதே இல்லை. வாந்தி வந்தால் என்ன செய்வது என்று அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. இது கருக்கலைப்பு மாத்திரை, கர்ப்பப்பையைக் கெடுக்கும், பிறகு குழந்தையே பிறக்காது என்ற பேச்சுகளும் ஒரு நாளைத் தள்ளிவிடும். மூன்றும் தவறு. ஏற்கெனவே உண்டான கர்ப்பத்தை இது கலைக்காது. கருக்கலைப்புக்குத் தருவது வேறு மருந்து.

மாத்திரை தேவைப்படும் நிலைக்கு முன்பே நடப்பதையும் சொல்லியாக வேண்டும். பையில் ஆணுறை வைத்திருக்கும் பெண்ணைத் தப்பாகப் பேசும் சூழலில் அவள் அதை வைத்திருக்க மாட்டாள். ஆணுறை போடச் சொன்னால் ‘என் மேல் நம்பிக்கை இல்லையா’ என்று கேட்பவனிடம் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. சொல்லாமல் பாதியில் கழற்றிவிடுகிறவனும் உண்டு. அது வன்முறை, அலட்சியம் அல்ல. ‘நாளைக்கு மாத்திரை போட்டுக்கொள்’ என்பது ஒவ்வொரு முறையும் பதிலாக வந்தால், பொறுப்பு முழுவதும் ஒருவர் உடம்பில் ஏற்றப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். வழக்கமான கருத்தடையாக இந்தப் பொருள் தேறாது. அடுத்து வரும் உறவுகளுக்கு இது பாதுகாப்பு தராது. பால்வினை நோய்களிலிருந்து ஒருபோதும் காக்காது.

பயன்படுத்தும் முறை எளிது. எந்த நேரத்திலும் எடுக்கலாம், சாப்பிட்டபின் எடுத்தால் குமட்டல் சற்றுக் குறையலாம். 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு மாத்திரை வேண்டும். சில சீட்டுகள் 3 மணி நேரம் என்கின்றன, அதையே கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. தலைவலி, சோர்வு, மார்பில் வலி, இடையில் சிறு உதிரப்போக்கு ஆகியவை வந்து போகும்.

வலிப்புக்கான கார்பமஸெபைன், ஃபெனிடாயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் போன்றவை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு மாத்திரை போதாது. காப்பர் டி (கர்ப்பப்பைக்குள் வைக்கும் செம்புக் கருத்தடைச் சாதனம்) போட முடியாவிட்டால் 3 மில்லிகிராம், அதாவது இரண்டு மாத்திரை, எடுக்கச் சொல்வார்கள். எடை 70 கிலோவுக்கு மேல் இருந்தாலும் பலன் குறைய வாய்ப்பு உண்டு. கடைக்காரர் இவற்றைக் கேட்பார் என்று எதிர்பார்க்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மூன்று நாள் தாண்டிவிட்டால் இன்னொரு அவசரக் கருத்தடை மாத்திரையான யூலிப்ரிஸ்டல் அசிடேட் 30 மில்லிகிராம் மேலானது, 120 மணி நேரம் வரை பயன்படும். அதை எடுத்தபின் ஹார்மோன் கருத்தடை தொடங்க 5 நாள் பொறுக்க வேண்டும். லெவோநார்ஜெஸ்ட்ரலுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை: தினசரி மாத்திரையை உடனே தொடங்கலாம், முதல் 7 நாள் ஆணுறையும் சேர்த்து. எல்லாவற்றிலும் உறுதியானது, 5 நாளுக்குள் போடும் காப்பர் டி. 99 சதவீதத்துக்கு மேல் பலன், எடை ஒரு தடையே இல்லை, போட்டபின் ஆண்டுக்கணக்கில் காக்கும். குழந்தை பெறாதவர்களுக்கும் போடலாம். மணமாகாத பெண் என்பதற்காகவே மறுக்கும் இடங்கள் இருப்பது பெரிய அநியாயம், அதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது.

அடுத்த மாதவிலக்கு சில நாள் முன்பின் வரலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனாலோ, உறவுக்குப்பின் 21 நாள் ஆகியும் சந்தேகம் இருந்தாலோ, கர்ப்பப் பரிசோதனை கிட்டில் காலை முதல் சிறுநீரைச் சோதித்துப் பாருங்கள். கிட்டில் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் தெரியும் மங்கலான இரண்டாவது கோடும் கோடுதான். அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலி வந்தால், மயக்கமும் சேர்ந்தால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கரு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம். சோதனையில் கர்ப்பம் உறுதியானால், எடுத்த மாத்திரையால் கருவுக்குக் கேடு இல்லை. தொடர்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு. எதுவானாலும் அந்த வாரமே மருத்துவரைப் பார்த்துவிட்டால் வழிகள் அதிகம் திறந்திருக்கும்.