சைலன்சர் மாற்றிய பின் எரியும் இன்ஜின் லைட்: டாங்கிளா, பட்டறையா, ஷோரூமா, ரீமேப்பா?

கடலூரிலிருந்து பாண்டிக்குப் போகும்போது கிருமாம்பாக்கத்தில் என் காரின் மஞ்சள் இன்ஜின் லைட் எரிந்தது. ஹெடரும் (இன்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்கள்), புகையை அதிகம் தடுக்காத ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் மாட்டி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அடுத்த ஒரு மாதத்தில் நான்கு வழிகளையும் பார்த்துவிட்டேன். அதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: லைட் நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டி வீடு சேரலாம். விட்டு விட்டு மின்னினால் ஓரம் கட்டுங்கள். சிலிண்டரில் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது என்று அர்த்தம்; சில கிலோமீட்டரிலேயே கன்வெர்ட்டர் பாழாகிவிடலாம்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிப்பதற்கான 16 பின் போர்ட் ஒன்று இருக்கும். அதில் செருகும் புளூடூத் டாங்கிள் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. எனக்கு வந்த கோட் (கோளாறுக் குறியீடு) பி0171, அதாவது கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பலரும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். டாங்கிளின் உண்மையான பயன் கோட் அல்ல, 'ஃப்யூயல் டிரிம்' என்ற எண். இன்ஜின் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ சமாளிக்கிறது என்பதை அது காட்டும். பத்துக்குள் இருந்தால் கவலையில்லை. என் வண்டியில் ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) +22, 2500 ஆர்பிஎம்மில் +6. ஐடிலில் அதிகமாகி, வேகம் ஏற ஏறக் குறைந்தால் எங்கோ காற்று கசிகிறது. நேர்மாறாக வேகத்தில்தான் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அல்லது எண்ணெய் தடவிய காட்டன் ஏர் ஃபில்டரால் அழுக்கான ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) மீது சந்தேகப்படலாம். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைச் சிலர் குறை சொல்கிறார்கள். அது சில சதவீதம் ஏற்றலாம், ஆனால் ஐடிலுக்கும் 2500-க்கும் நடுவே இவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்காது.

பட்டறை என்றால் எந்தப் பட்டறை என்பதுதான் கேள்வி. முதலில் போன இடத்தில் கோட் எண்ணைப் பார்த்ததுமே, "ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சு" என்று மாற்றிவிட்டார்கள். மூன்றே நாளில் லைட் திரும்ப எரிந்தது. எனக்கு ரொம்பவே வருத்தம், ஏனென்றால் புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் அந்தச் சென்சார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. இரண்டாவதாகத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் டிரிம் எண்களைச் சொன்னேன். "காலையில இன்ஜின் ஆறியிருக்கும்போது கொண்டாங்க தம்பி, சூடான வண்டியில இது கேக்காது" என்றார். மறுநாள் ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயை ஈரத்துணியால் ஒரு கணம் அடைத்ததும் ஹெடர் இணைப்பில் 'ட்ஸ்... ட்ஸ்...' என்று கேட்டது. இணைப்பில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை. சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் புகை துடிக்கும்போதெல்லாம் அந்த ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அதைப் படித்து 'பெட்ரோல் போதவில்லை' என்கிறது. கேஸ்கெட்டை மாற்றியதோடு, ஹெடர் மாட்டியபோது தொங்கவிட்டிருந்த சென்சார் கனெக்டரையும் சுத்தம் செய்தார். கடற்கரை ஊர்களில் பித்தளைப் பின்களில் பச்சை பூத்துவிடும், அதையும் பாருங்கள்.

ஷோரூமில், "ஒரிஜினல் சைலன்சரை மாட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். அன்றைக்குக் கோபம் வந்தது, இன்று அதில் நியாயம் தெரிகிறது. பழைய பாகத்தை மாட்டியதும் எண்கள் சரியானால், கோளாறு புதிய பாகத்திலோ அதை மாட்டிய விதத்திலோதான். அதனால் ஒரிஜினல் பாகங்களை விற்றுவிடாதீர்கள். வாரண்டி இருக்கும் வண்டிக்கும், ஏபிஎஸ், ஏர்பேக் லைட்டும் சேர்ந்து எரியும் வண்டிக்கும் அவர்களுடைய ஸ்கேனர்தான் வேண்டும்.

பாண்டியில் ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது) செய்பவர், "லைட்டே வராம பண்ணிடலாம்" என்றார். இதை மட்டும் நான் உறுதியாக வேண்டாம் என்பேன். புதிய பாகத்துக்கேற்பப் பெட்ரோல் அளவைத் திருத்துவது வேறு. கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, அது சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 கோட் வராமல் அணைத்து வைப்பது வேறு. இரண்டாவதைச் செய்தால் புகைப் பரிசோதனையில் சிக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. என் வண்டியில் அன்று லைட்டை அணைத்திருந்தால் கசிவு அப்படியே இருந்திருக்கும், பெட்ரோலும் அதிகமாகவே எரிந்துகொண்டிருக்கும்.

எனவே என் வரிசை இது: டாங்கிளில் எண்ணைக் குறித்துக்கொள்வது, அதைக் காதுகொடுத்துக் கேட்கும் மெக்கானிக்கிடம் போவது, அங்கும் முடியாவிட்டால் ஒரிஜினல் பாகத்தோடு ஷோரூம். கோட் எண்ணை அழிப்பதும் பேட்டரி வயரைக் கழற்றுவதும் குறித்துக்கொண்ட பிறகுதான். இல்லாவிட்டால் லைட் எரிந்த நேரத்தில் பதிவான வேகம், சூடு, டிரிம் எல்லாம் அதோடு போய்விடும்.

கேஸ்கெட் மாற்றிய பின் ஒரு வாரம் கழித்து என் நோட்டில் எழுதியது: ஐடிலில் +3, 2500-ல் +2.