ஹெச்பிஓ, ஷோடைம்: எந்தச் சந்தாவை வைத்துக்கொண்டோம்?

போன வருடக் கடைசியில் வீட்டுச் செலவைக் குறைக்க உட்கார்ந்தபோது, தொடர் பார்ப்பதற்கென்று ஒரே ஒரு சந்தா போதும் என்று முடிவு செய்தோம். நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். பிள்ளைகள் தூங்கியதும் ஒரு எபிசோட் பார்ப்பது எனக்கும் மனைவிக்கும் பல வருடப் பழக்கம். அமெரிக்காவில் சந்தா கட்டிப் பார்க்கும் சேனல்களான ஹெச்பிஓவா, ஷோடைமா என்று யோசித்து ஹெச்பிஓவை வைத்துக்கொண்டோம்.

விலையையோ படத் தெளிவையோ வைத்து நாங்கள் முடிவு செய்யவில்லை. இரண்டுமே கட்டணத்தை ஏற்றிக்கொண்டுதான் போகின்றன.

வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஹெச்பிஓ 1972 நவம்பர் 8 அன்று பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பேரி ஊரில் 365 சந்தாதாரர்களோடு தொடங்கியது. முதல் இரவு ஒரு ஐஸ் ஹாக்கி ஆட்டம், அப்புறம் ஒரு படம். ஷோடைம் 1976-ல் கலிஃபோர்னியாவின் டப்ளினில் வந்தது. இரண்டு சேனலுக்குமே விளம்பர வருமானம் கிடையாது. சந்தா கட்டுகிறவர் அடுத்த மாதமும் கட்ட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. யாருக்கும் பிடிக்காத நாயகனை வைத்து, அவசரப்படாமல் கதை சொல்லும் துணிச்சல் அதிலிருந்து வந்தது. 1999-ல் ஹெச்பிஓவின் ‘தி சோப்ரானோஸ்’, 2002-ல் ‘தி வயர்’. ஷோடைமிலிருந்து 2006-ல் ‘டெக்ஸ்டர்’, 2011-ல் ‘ஹோம்லேண்ட்’. இந்தியாவில் ஹெச்பிஓவை நாம் ஆங்கிலப் படச் சேனலாகத்தான் பார்த்தோம். அதுவும் 2020 டிசம்பரில் நின்றுபோனது. அதனால் அதன் தொடர்களின் பெருமை நம்மில் பலருக்குத் தாமதமாகத்தான் எட்டியது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பெயர். ‘பெயரில் என்ன இருக்கிறது’ என்று மனைவியே கேட்டாள். இப்படி ஒரு சேனலுக்குப் பணம் கட்டும்போது, நமக்காக யாரோ உட்கார்ந்து பொறுக்கி எடுத்துத் தருகிறார்கள் என்பதற்குத்தான் கட்டுகிறோம். பெயர்தான் அந்தப் பொறுக்கலின் முத்திரை. இரவு பத்து மணிக்கு அலுத்துப்போய் உட்காருகிறவர்கள் இருபது முன்னோட்டம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முத்திரையைப் பார்த்து நம்பித்தான் உள்ளே போகிறோம்.

இதில் ஹெச்பிஓவும் தடுமாறியதுதான். 2010-ல் ‘ஹெச்பிஓ கோ’, 2015-ல் ‘ஹெச்பிஓ நவ்’, 2020-ல் ‘ஹெச்பிஓ மேக்ஸ்’ என்று புதுப்புதுப் பெயரில் ஆப் வந்துகொண்டே இருந்தது. 2022-ல் தாய் நிறுவனம் டிஸ்கவரியோடு இணைந்தது. அடுத்த வருடம் மே 23 அன்று ‘ஹெச்பிஓ’வைத் தூக்கிவிட்டு வெறும் ‘மேக்ஸ்’ ஆக்கினார்கள். வீடு புதுப்பிக்கும் நிகழ்ச்சி, சமையல், குழந்தைகள் படம் எல்லாவற்றுக்கும் ஒரே கூரை வேண்டும் என்பது அவர்கள் நியாயம். ஐம்பது வருடம் சம்பாதித்த பெயரை அதற்காக விட்டது பெரிய தவறு என்றே நினைக்கிறேன். 2025 ஜூலை 9 அன்று ‘ஹெச்பிஓ மேக்ஸ்’ என்றே திரும்பவும் வைத்துவிட்டார்கள். இத்தனை நடந்தபோதும் கேபிளில் வந்த சேனல் ஹெச்பிஓவாகவே இருந்தது.

ஷோடைம் கதை வேறு மாதிரி போனது. 2023 ஜூனில் அதை அதன் தாய் நிறுவனத்தின் பாரமவுண்ட் பிளஸ் ஆப்போடு சேர்த்தார்கள். 2024 ஜனவரியில் சேனலே ‘பாரமவுண்ட் பிளஸ் வித் ஷோடைம்’ ஆனது. அதே வருடம் தனி ஆப்பும் மூடப்பட்டது. 2025-ல் சந்தாத் திட்டத்தின் பெயர் ‘பிரீமியம்’ என்று மாறியது. ‘ஹோம்லேண்ட்’ தந்த பெயர் இப்படி ஒட்டுவாலாகத் தேய்ந்ததில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதன் புதிய தொடர்களில் ஒன்றிரண்டுதான் பார்த்திருக்கிறேன். அதனால் அவற்றின் தரம் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. 2022 டிசம்பரில் தன் சொந்தத் தொடரான ‘வெஸ்ட்வேர்ல்ட்’-ஐயே ஹெச்பிஓ மேக்ஸ் ஆப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். சந்தா இருக்கிறதே, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று நம்பி இருக்க முடியாது. மிகவும் பிடித்த தொடர் என்றால் டிஸ்க்கும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மற்றபடி எங்கள் ஞாயிற்றுக்கிழமை மாறவில்லை. இரவு ஒன்பதுக்குப் புதுத் தொடர் தொடங்கும் முன், சிக்னல் இல்லாத பழைய டிவி போல திரை முழுக்கப் புள்ளிகள் இரையும். அதன் நடுவே மூன்று எழுத்துகள் தெளியும், பின்னால் ஒரு நீண்ட ரீங்காரம். அந்தச் சத்தம் கேட்டதும் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு இரண்டு டம்ளர் டீயோடு மனைவி வந்துவிடுவாள்.