இழுத்தாலும் குலையாத சதுரம்: கணித வகுப்பில் ஜியோஜீப்ரா

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கணினித் திரையில் ஒரு சதுரம் வரையச் சொன்னேன். திரையில் தெரிந்த கட்டங்களை எண்ணி, நான்கு புள்ளிகளை வைத்து, அவற்றை இணைத்து, பெரும்பாலோர் ஐந்து நிமிடத்திற்குள் முடித்துவிட்டார்கள். நான் ஒவ்வொரு கணினியாகச் சென்று, சதுரத்தின் ஒரு மூலையை மௌஸால் பிடித்துச் சற்றே இழுத்தேன். சதுரங்கள் எல்லாம் கோணிக்கொண்டு வெறும் நாற்கரங்களாயின. ஒரு மாணவியின் திரையில் மட்டும் அது குலையவில்லை. அவள் முதலில் ஒரு கோட்டுத்துண்டை வரைந்து, அதன் இரு முனைகளிலும் செங்குத்துக்கோடுகளை எழுப்பி, அந்தக் கோட்டுத்துண்டையே ஆரமாகக் கொண்டு ஒரு முனையிலிருந்து வட்டமிட்டு, வட்டம் செங்குத்துக்கோட்டை வெட்டிய இடத்தை மூன்றாம் மூலையாகக் கொண்டு, அங்கிருந்து இணைகோடு வரைந்து நான்காம் மூலையைப் பெற்றிருந்தாள். அடிக்கோட்டின் முனையைப் பிடித்து எப்பக்கம் இழுத்தாலும் அவளுடைய சதுரம் சுழன்றது, பெருத்தது, சிறுத்தது; சதுரமாகவே இருந்தது. சதுரம் போலத் தெரிவது வேறு, சதுரமாக இருப்பது வேறு என்பதை நான் பல ஆண்டுகள் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். அன்றுதான் வகுப்பு முழுவதும் அதைக் கண்ணால் பார்த்தது.

இந்த வேலையைச் செய்து காட்டிய மென்பொருள் ஜியோஜீப்ரா. அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குத் தமிழ்வழியில் கணிதம் கற்பிக்கும் நான் இதை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வாங்கலாமா என்ற கேள்வி இங்கே எழவில்லை, ஏனெனில் வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இது இலவசம். வகுப்பு நேரத்தில் ஒரு பகுதியை இதற்குக் கொடுக்கலாமா, கொடுத்தால் எதற்குக் கொடுப்பது என்பதே ஆசிரியர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி. அதற்கான விடையாகவே இதை எழுதுகிறேன்.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001ஆம் ஆண்டில் தம் முதுநிலைப் படிப்பின் பகுதியாக இதை உருவாக்கத் தொடங்கினார். வடிவியலையும் இயற்கணிதத்தையும் ஒரே திரையில் இணைப்பதே அடிப்படை எண்ணம்; பெயரும் ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா என்ற ஆங்கிலச் சொற்களின் சேர்க்கைதான். இடப்பக்கம் சமன்பாடு, வலப்பக்கம் வடிவம். ஒன்றை மாற்றினால் மற்றது அக்கணமே மாறும். புள்ளியைப் பிடித்து இழுக்கும் வசதி இதற்கு முன்பே கபிரி, ஜியோமீட்டர்ஸ் ஸ்கெட்ச்பேட் ஆகிய மென்பொருள்களில் இருந்தது என்றாலும், அவை விலை கொடுத்து வாங்க வேண்டியவையாக இருந்ததால் நம் பள்ளிகளை எட்டவில்லை. 2021இல் பைஜூஸ் நிறுவனம் ஜியோஜீப்ராவை வாங்கிய பிறகும் அதன் இலவசப் பயன்பாடு தொடர்கிறது. தமிழ்நாட்டின் புதிய பாடத்திட்டக் கணித நூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்ற தலைப்பில் க்யூஆர் குறியீட்டோடு வரும் பக்கங்கள் நினைவிருக்கும். அவற்றில் பல, ஜியோஜீப்ராவில் செய்த பணித்தாள்களுக்குத்தான் நம்மை அழைத்துச் செல்கின்றன.

இது தன் முழு மதிப்பையும் காட்டுவது முக்கோணத்தின் மையங்களைக் கற்பிக்கும்போது. ஒன்பதாம் வகுப்பில் நடுக்கோட்டு மையம், செங்கோட்டு மையம், சுற்றுவட்ட மையம், உள்வட்ட மையம் ஆகிய நான்கையும் கவராயம் கொண்டு வரையக் கற்பிக்கிறோம். ஒரு முக்கோணத்துக்கு ஒரு மையம் வரைந்து முடிப்பதற்குள் பாதிப் பாடவேளை கரைந்துவிடும். விரிகோண முக்கோணத்தின் செங்கோட்டு மையம் முக்கோணத்துக்கு வெளியே விழும் என்று சொன்னால், பக்கங்களை நீட்டி வரைந்து பார்க்கும் பொறுமை சிலருக்குத்தான் உண்டு. அவர்களுக்கும் தாளில் இடம் போதாது. திரையில் மூன்று குத்துயரங்களையும் வரைந்துவிட்டு ஓர் உச்சியை மெல்ல நகர்த்தினால், குறுங்கோண முக்கோணத்தின் உள்ளே இருந்த செங்கோட்டு மையம் நகர்ந்து வந்து, கோணம் சரியாகத் 90 பாகை ஆகும் கணத்தில் அந்த உச்சியின் மேலேயே அமர்ந்து, பிறகு வெளியே போகிறது. அதே கணத்தில் சுற்றுவட்ட மையம் கர்ணத்தின் நடுப்புள்ளியில் வந்து நிற்பதையும் பிள்ளைகளே கண்டு சொல்கிறார்கள். பின்னர் நடுக்கோட்டு மையத்தையும் சேர்த்து மூன்றையும் இணைக்கச் சொன்னால், எந்த முக்கோணமானாலும் மூன்றும் ஒரே கோட்டில் நிற்பதும், நடுக்கோட்டு மையம் அந்தக் கோட்டுத்துண்டைச் செங்கோட்டு மையத்திலிருந்து 2:1 என்ற விகிதத்தில் பிரிப்பதும், சமபக்க முக்கோணத்தில் மட்டும் மூன்றும் ஒன்றாகிவிடுவதும் தெரியவரும். கணித மேதை ஆய்லர் 18ஆம் நூற்றாண்டில் கண்ட கோடு இது. பாடத்தில் கேட்காவிட்டாலும் இதற்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குவதை நான் விடுவதில்லை.

இருபடிச் சமன்பாட்டு வரைபடங்களுக்கு, ஓர் எண்ணின் மதிப்பை இழுத்து மாற்ற உதவும் ஸ்லைடர் என்னும் வசதி பயன்படுகிறது. எக்ஸின் வர்க்கத்திலிருந்து நான்கு எக்ஸைக் கழித்து, ஒரு மாறிலியைக் கூட்டி வரும் கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். மாறிலி 3 என்றால் பரவளையம் எக்ஸ் அச்சை இரண்டு இடங்களில் வெட்டும். 4 என்றால் ஒரே இடத்தில் தொட்டு நிற்கும். 5 என்றால் தொடாமல் மேலே எழுந்துவிடும். மூலங்களின் தன்மை பற்றிய பாடம் முழுவதும் இந்த ஒரு நகர்வில் அடங்கிவிடுகிறது. ஆனால் எக்ஸின் கெழுவை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டால், வளைவரை இடமும் வலமுமாக நகரும் என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். பரவளையத்தின் முனைப்புள்ளிக்குச் சுவடு காட்டும் வசதியைக் கொடுத்துவிட்டு ஸ்லைடரை நகர்த்தும்போது, முனை பதித்துச் செல்லும் சுவடும் ஒரு பரவளையமாக, அதுவும் கீழ்நோக்கித் திறந்த பரவளையமாக இருப்பதைக் கண்டு வகுப்பு ஒரு கணம் பேச்சற்றுப் போகும். ஸ்லைடர் வழக்கமாக 0.1 அளவில் நகரும். முதல் வகுப்பில் அதை 1 என்று மாற்றிக்கொண்டால் பிள்ளைகள் மனக்கணக்காகச் சரிபார்க்க முடியும்.

இனி, எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம். முக்கோணத்தின் கோணங்களை அளந்து கூட்டச் சொல்லியிருந்த ஒரு நாளில் ஒரு மாணவன் எழுந்து, “டீச்சர், கூட்டிப் பார்த்தா நூற்றெண்பது வரலையே” என்றான். திரையில் 47.33, 68.33, 64.33 என்று இருந்தன, கூட்டினால் 179.99. கோணங்களை இரண்டு தசமத் தானங்களுக்கு முழுமையாக்கிக் காட்டுவதால் வந்த வேறுபாடு இது. அமைப்புகளில் தசமத் தானங்களின் எண்ணிக்கையை அதிகமாக்கினால் வேறுபாடு சிறுக்கும். நான் உடனே அதைச் செய்யவில்லை. அளந்து பார்ப்பதால் கோணங்களின் கூடுதல் 180 பாகை என்று நமக்குத் தெரிகிறதா, இல்லை வேறு ஏதேனும் காரணத்தால் தெரிகிறதா என்று கேட்டேன். அடிப்பக்கத்துக்கு இணையாக உச்சியின் வழியே ஒரு கோடு வரைந்து ஒன்றுவிட்ட கோணங்களைக் கொண்டு நிறுவும் பழைய நிரூபணம் அன்று அவர்களுக்கு வேண்டிய பொருளாயிற்று. எத்தனை முறை இழுத்துப் பார்த்தாலும் இந்த மென்பொருள் ‘அப்படித்தான் இருக்கிறது’ என்று காட்டுமே தவிர, ‘ஏன் அப்படி’ என்பதை ஆசிரியர்தான் கரும்பலகையில் எடுத்துச் சொல்ல வேண்டும். இதை மறந்து, திரையில் பார்த்ததோடு தேற்றம் முடிந்துவிட்டதாக விடுகிற வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வேறு குறைகளும் உண்டு. முதன்முறை திறப்பவருக்குக் கருவிகளின் எண்ணிக்கை மலைப்பைத் தரும். பிள்ளைகளைத் தங்கள் போக்கில் விட்டால் முதல் இரண்டு பாடவேளைகள் வண்ணம் தீட்டுவதிலேயே போய்விடும். அன்றைக்கு வேண்டிய ஐந்தாறு கருவிகளை மட்டும் வைத்து, மற்றவற்றை மறைத்துவிடுவது நல்லது. கைப்பேசியில் பயன்படுத்தும்போது நகர்த்த வேண்டிய புள்ளியை விரலே மறைத்துக்கொள்கிறது. இணையத்தில் ஆசிரியர்கள் பதிவேற்றிய பணித்தாள்கள் ஏராளமாகக் கிடைத்தாலும் அவற்றின் தரம் ஒரே சீராக இல்லை. வகுப்புக்கு முந்தைய நாள் நாமே ஒருமுறை செய்து பார்க்காமல் எதையும் காட்டக் கூடாது. வரைபடம் மட்டும் போதும் என்பவர்களுக்கு டெஸ்மாஸ் என்ற வரைபட மென்பொருள் இதைவிட எளிதாக இருக்கும்.

தேர்வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8 மதிப்பெண். இரண்டையும் பிள்ளைகள் தங்கள் கையாலேயே வரைய வேண்டும். கவராயம் பிடித்துப் பழகாத கைக்கு இந்த மென்பொருள் எந்த உதவியும் செய்யாது. அதனால் ஒரு மையத்தையேனும் தாளில் வரைந்து முடித்த பிறகே ஆய்வகத்துக்கு அழைத்துச் செல்கிறேன். அங்கும் மௌஸைத் தொடுவதற்கு முன் என்ன நடக்கும் என்று நோட்டில் ஒரு வரி எழுதியாக வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் விதி. எழுதியது தவறாகப் போனால் அந்த வரியைக் கோடிட்டு அடித்துவிடக் கூடாது; பக்கத்திலேயே நடந்ததை எழுத வேண்டும்.

கணினிகள் குறைவாக இருந்தாலும் தயங்க வேண்டாம். நாற்பது பேருக்கு ஒரு கணினியும் ஒரு புரொஜெக்டரும் மட்டும் இருந்த நாட்களில், ஒருவர் இழுக்க மற்றவர்கள் ஊகித்து எழுதிய வகுப்புகளே எனக்கு நன்றாக அமைந்தன. இணையம் இல்லாத பழைய கணினி என்றால் கிளாசிக் 5 என்ற பதிப்பை நிறுவுங்கள். பிறகு இணையமே தேவையில்லை, கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டுசென்றால் போதும். முதல் நாளுக்கு ஒரு முக்கோணம், மூன்று நடுக்கோடுகள் கொண்ட ஒரு கோப்பு போதும். அதைத் திறந்து வைத்து, கடைசி இருக்கையில் இருக்கும் பிள்ளையை முதலில் அழைத்து உச்சியை இழுக்கச் சொல்லுங்கள்.