மொரீஷியஸ் தமிழ் வகுப்புக்கு வள்ளியப்பாவா, வாண்டுமாமாவா?

வீட்டில் கிரியோலும் பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் புழங்கும் மொரீஷியஸ் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பில் முதலில் யாரைக் கொடுப்பது என்று கேட்டால், நான் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவையே சொல்வேன். வங்கிப் பணியில் இருந்துகொண்டே பாட்டெழுதிய அவர் (1922–1989), 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்றார். அவருடைய லட்டுப் பாட்டில் தட்டு, லட்டு, எட்டு, கிட்டு என அடிதோறும் ஒரே ஒலி வந்து விழுவதால், கிரியோல் பேசும் நாவுக்குப் பழக்கமில்லாத டகரம் இலக்கணம் எதுவும் சொல்லாமலே படிந்துவிடுகிறது. எட்டில் பாதி எத்தனை என்ற கணக்கும் கூடவே வருகிறது. கோயிலில் தேவாரம் பாடும் இங்குள்ள தாத்தாவுக்கு இப்பாட்டு தெரிந்திருக்கும் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. ஆசிரியர்தான் பாடிக் காட்ட வேண்டும்.

வாண்டுமாமா (1925–2014) வேறு வகை. வி. கிருஷ்ணமூர்த்தி என்ற இயற்பெயர் கொண்ட இவர், பூந்தளிர் என்ற சிறுவர் இதழின் ஆசிரியராக இருந்தவர். சாகசக் கதை, சித்திரக்கதை, அறிவியல் என்று பெரிதும் உரைநடையில் இயங்கியவர். விறுவிறுப்பில் இவரை மிஞ்சுவது கடினம். ஆயினும், நீண்ட வினைச்சொற்களை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை, கதை சூடுபிடிக்கும் முன்பே களைத்துவிடும். ஆகவே சரளமாக வாசிக்கத் தொடங்கிய மேல்வகுப்பில், படமே பாதிப் பொருளைச் சொல்லிவிடும் சித்திரக்கதைகளிலிருந்து அவரைத் தொடங்கலாம்.